வாயனசாலையில் கேட்ட கேள்விகள்: பேர் பெற்ற நாவல்கள் பற்றி ஒரு வாசகியின் பதில்கள்

கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்து வாயனசாலைகளில், அதாவது நூலகங்களில், நாவல் பேச்சு எடுத்தால் ஒரே சந்தேகங்கள்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. நூலக இயக்கத்தை வளர்த்த பி.என். பணிக்கரின் நினைவு நாளான ஜூன் 19 கேரளத்தில் வாசிப்பு நாள். அன்று கூட்டம் போட்டால் கேள்விகள் இரட்டிப்பாகிவிடும். பதில் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் எழுதிவைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் போக்கிலேயே விட்டிருக்கிறேன். பேச்சு வழக்கை மட்டும் எழுத்துக்கு மாற்றியிருக்கிறேன்.

அக்கா, நாவலுக்குத் தீர்ப்புச் சொல்ல நீங்கள் யார்? விமர்சகரா?

இல்லை. படிக்கிறவள், அவ்வளவுதான். ஆனால் எனக்கென்று ஓர் அளவுகோல் இருக்கிறது. நாவலில் வரும் ஆட்களுக்குச் செய்ய வேலை இருக்கிறதா, அந்த வேலை எழுதியவருக்கு உண்மையிலேயே தெரிந்திருக்கிறதா என்று பார்ப்பேன். கறவை மாடும் தென்னையும் கள்ளும் நிலக்கடலையுமாகப் பிழைக்கிற ஊரில் வளர்ந்ததால் வந்த புத்தியாக இருக்கலாம். நூறு பக்கம் கடந்த பிறகும் ஒருவன் காலையில் எழுந்து என்ன செய்கிறான் என்று தெரியாவிட்டால், அவனுடைய காதலும் கண்ணீரும் எனக்கு ஒட்டுவதில்லை.

இந்த அளவுகோல் எல்லா நாவலுக்கும் பொருந்தாது. கீழே சில இடங்களில் அது என்னையே இடறிவிடுவதைப் பார்ப்பீர்கள்.

நமக்குத்தான் மலையாளம் புரியுமே, பிறகு மலையாள நாவலை எதற்குத் தமிழில் படிக்க வேண்டும்?

வில்லேஜ் ஆபீசில் மலையாளம் பேசுவதும் நானூறு பக்கம் மலையாளத்தில் படிப்பதும் ஒன்றா? சித்தூர் தாலுகாவில் தமிழ் மீடியத்தில் படித்து வந்தவர்கள் எத்தனையோ பேர். காது மலையாளத்துக்குப் பழகியிருக்கும், கண் பழகியிருக்காது. நானும் மலையாள எழுத்தை மெதுவாகத்தான் படிப்பேன். எழுத்துக் கூட்டிப் படிக்கும்போது கதை கையை விட்டுப் போய்விடுகிறது.

நல்ல மொழிபெயர்ப்புக்குப் பஞ்சமும் இல்லை. தகழியின் 'செம்மீன்', 'தோட்டியின் மகன்' இரண்டையும் தமிழுக்குக் கொண்டுவந்தவர் நாகர்கோவில்காரரான சுந்தர ராமசாமி. ஓ.வி. விஜயனின் 'கசாக்கின் இதிகாச'த்தை யூமா வாசுகி மொழிபெயர்த்தார்; அதற்கு சாகித்ய அகாதெமியின் மொழிபெயர்ப்புப் பரிசும் கிடைத்தது. மலையாளம் சரளமாகப் படிப்பவர்கள் மூலத்தைப் படியுங்கள், எனக்கு வழக்கு ஒன்றும் இல்லை.

இதுவரை ஒரு நாவலும் படித்ததில்லை. பொன்னியின் செல்வனில் தொடங்கலாமா? ஐந்து பாகம் என்கிறார்களே!

தொடங்கலாம். 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் வாரா வாரம் வந்த தொடர் அது. அடுத்த வாரம் இதழ் விற்க வேண்டும் என்பதால் ஒவ்வோர் அத்தியாயமும் உங்களை அடுத்ததற்குத் தள்ளிவிடும். முதல் பாகம் ஏன் அத்தனை வேகமாக ஓடுகிறது தெரியுமா? வந்தியத்தேவனுக்கு வேலை இருக்கிறது. காஞ்சியிலிருந்து ஆதித்த கரிகாலனின் ஓலைகளைத் தஞ்சைக்கும் பழையாறைக்கும் கொண்டுசேர்க்க வேண்டும். அந்தப் பொறுப்பு அவனை இழுக்கிறது, அவன் நம்மை இழுக்கிறான்.

நான்காம் பாகத்துக்கு வரும்போது எனக்கு அலுப்புத் தட்டியது. எல்லோரும் சுரங்கப் பாதையில் ஒருவர் பின்னால் ஒருவர் ஒளிந்துகொண்டிருக்கிறார்கள். வாரம் ஒரு முறை படித்தவர்களுக்காக முன்கதையைத் திரும்பத் திரும்பச் சொல்வதும் மொத்தமாகப் படிக்கிறவர்களுக்குச் சுமை. அருள்மொழிவர்மர் நல்லவர், மிக நல்லவர். அதனாலேயே மனத்தில் தங்கவில்லை. நந்தினி தங்கிவிட்டாள். கோடிக்கரையிலிருந்து இரவில் ஈழத்துக்குப் படகு வலிக்கும் பூங்குழலியின் அத்தியாயங்களை இரண்டாம் முறையும் படித்தேன்.

ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று கல்கி அறுதியிட்டுச் சொல்லவில்லை என்று பலருக்குக் கோபம். எனக்குக் கோபம் இல்லை. உடையார்குடிக் கல்வெட்டில் துரோகிகளின் பெயர்களும் அவர்களுடைய நிலத்தைப் பறித்த செய்தியும் இருக்கின்றன. அந்த இரவில் நடந்தது இல்லை. தெரியாததைத் தெரியாததாகவே விட்டது நேர்மை. வாசகர்கள் விடாமல் கேட்டதால், மற்றப் பாத்திரங்கள் பிறகு என்ன ஆனார்கள் என்று முடிவுரை எழுதிச் சொல்லவும் செய்தார். வாசகர் கேள்விக்குப் பதில் எழுதும் தொல்லை அவருக்கும் இருந்திருக்கிறது!

படம் பார்த்துவிட்டேன். இனிப் புத்தகம் எதற்கு?

2022லும் 2023லும் வந்த பொன்னியின் செல்வன் படங்களைப் பார்த்தவர்களுக்குக் கதை தெரியும். கல்கியின் வம்பு தெரியாது. ஆழ்வார்க்கடியான் தடியை ஓங்கிக்கொண்டு வழக்காடுவது, வழிப்போக்கர்களின் ஊர்ப்பேச்சு, ஆசிரியரே நடுவில் வந்து 'வாசகர்களே' என்று கூப்பிடுவது எல்லாம் புத்தகத்தில்தான். கதை முன்பே தெரிந்திருப்பது நல்லதும்கூட. யார் யார் என்று குழம்பாமல் படிக்கலாம்.

2024இல் படமாக வந்த, பென்யாமினின் மலையாள நாவல் 'ஆடு ஜீவிதம்' வேறு மாதிரி. படம் கனமாக நெஞ்சில் இறங்குகிறது. புத்தகத்தில் சிரிப்பு உண்டு. வளைகுடாப் பாலைவனத்தில் ஆடு மேய்க்கத் தனியாக மாட்டிக்கொண்ட நஜீப், ஆடுகளுக்குத் தன் ஊர்க்காரர்களின் பெயர்களை வைத்துக் கூப்பிடுகிறான். தன்னையே கேலி செய்துகொள்கிறான். அந்தக் கேலி இல்லாவிட்டால் அவன் பிழைத்திருக்க மாட்டான் என்று நமக்கே தோன்றும். சின்னச் சின்ன அத்தியாயங்கள் வேறு. முதல் நாவலாக எதை எடுக்கலாம் என்று கேட்பவர்களுக்கு இப்போதெல்லாம் இதைத்தான் முதலில் கொடுக்கிறேன்.

ஆடு ஜீவிதம் உண்மைக் கதைதானே? அப்படியென்றால் அதை ஏன் நாவல் என்கிறீர்கள்?

அப்படி அகப்பட்டு மீண்ட ஒரு மனிதரின் அனுபவத்திலிருந்து பிறந்தது. எழுதும்போது பென்யாமின் பஹ்ரைனில் வாழ்ந்துகொண்டிருந்தார். புத்தகம் 2008இல் வந்தது. ஆனால் அது வாக்குமூலம் இல்லை. எதை எங்கே நிறுத்துவது, எதைச் சொல்லாமல் விடுவது என்று முடிவு செய்தது எழுத்தாளர். ஒரு சம்பவம் அப்படியே நடந்ததா இல்லையா என்று பிடித்துக்கொண்டு சண்டை போடுவதில் பயனில்லை. வளைகுடாவுக்கு ஆள் அனுப்பாத தெரு பாலக்காட்டில் எங்கே இருக்கிறது? உண்மை எவ்வளவு என்று நம் ஆட்களுக்கே தெரியும்.

என் அளவுகோலுக்கு இதைவிடப் பொருத்தமான நாவல் இல்லை. ஆற்றில் மணல் வாரிய ஆள், ஆடு மேய்ப்பதை அடி வாங்கி வாங்கிக் கற்றுக்கொள்கிறான். பால் கறக்கத் தெரியாமல் அவன் திண்டாடும் இடத்தில் மாடு வைத்திருக்கும் நாம் முதலில் சிரித்துவிடுவோம். ஒரு பக்கம் தாண்டுவதற்குள் அந்தச் சிரிப்பு நின்றுவிடும். தப்பிக்கும் பகுதியில் இறைவனின் கை சற்று அதிகமாக நீள்கிறது என்று சிலர் குறை சொல்கிறார்கள். சொல்வது நஜீப், அவனுக்கு அப்படித்தான் தோன்றும். எனக்கு அது குறையாகப் படவில்லை.

வேள்பாரி உங்களுக்குப் பிடித்ததா, பிடிக்கவில்லையா? மழுப்பாமல் சொல்லுங்கள்.

முதல் பாதி பிடித்தது. இரண்டாம் பாதி பிடிக்கவில்லை.

ஆனந்த விகடனில் தொடராக வந்து 2018இல் முடிந்த நாவல், ஓவியர் ம.செ. (மணியம் செல்வன்) வரைந்த ஓவியங்களுக்காகவே எடுத்து வைத்தவர்கள் உண்டு. கபிலர் பறம்பு மலை ஏறும் தொடக்கப் பகுதியில் சு. வெங்கடேசன் காட்டைத் திறந்து காட்டுகிறார். எந்த இலை எதற்கு ஆகும், எந்த விலங்கை எப்படி வழிமறிப்பது, எந்தக் குடிக்கு எந்த வித்தை என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கைவேலை. அவற்றில் எவ்வளவு சங்க நூல், எவ்வளவு கற்பனை என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

போர் தொடங்கியதும் கதை நிமிர்ந்து நின்று கைதட்டல் வாங்க ஆரம்பிக்கிறது. பாரி தவறே செய்வதில்லை, மூவேந்தர்கள் சரியே செய்வதில்லை. புறநானூற்றில் கபிலர் பாடியதைக் கேட்டவர்களுக்குப் பாரியின் முடிவு தெரியும். 'அற்றைத் திங்கள்' என்று அவன் மகளிர் பாடிய ஐந்தே வரிகளில் உள்ள துயரம் அத்தனை பக்கப் போரில் எனக்குக் கிடைக்கவில்லை. இதைச் சொன்னதற்காக என்னோடு பேசாமல் இருக்கும் தம்பி ஒருவன் இருக்கிறான். பரவாயில்லை.

கசாக் நம் பாலக்காட்டில் நடக்கிற கதை என்று ஆசையாக எடுத்தேன். ஐம்பது பக்கத்துக்கு மேல் நகரவில்லை. என்ன செய்வது?

ரவியைக் கதாநாயகனாக நினைத்துப் பின்தொடர்ந்திருப்பீர்கள். ஓராசிரியர் பள்ளி நடத்த வந்து பஸ்ஸை விட்டு இறங்குகிறான் என்றதும், அடுத்து ஊரைத் திருத்துவான் என்று காத்திருந்தால் ஏமாற்றம்தான். அவனை ஓரமாக வைத்துவிட்டு ஒவ்வோர் அத்தியாயத்தையும் தனித்தனி ஊர்க்கதையாகப் படியுங்கள். குதிரைகளோடு வந்த ஷெய்கின் கதை, புதிய பள்ளி, குர்ஆன் ஓதக் கற்பிக்கும் தன் ஓத்துப்பள்ளியைத் தின்றுவிடுமோ என்று அஞ்சும் மொல்லாக்கா, மரம் ஏறுவதை விட்டுவிட்டு வம்பளக்கும் குப்புவச்சன், தும்பி பிடித்துத் திரியும் அப்புக்கிளி. கசாக்கின் ராவுத்தர்களின் பேச்சில் தமிழ் வாடை அடிப்பது நமக்கு ஒரு தனிச் சலுகை. திருவனந்தபுரத்து வாசகருக்குக் கிடைக்காத நெருக்கம் நமக்குக் கிடைக்கிறது.

1969இல் புத்தகமானது. விஜயன் அதற்கு மாதிரியாகக் கொண்ட தஸ்ராக் பாலக்காடு நகரத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அவருக்கு நினைவகமும் அங்கே உண்டு, நாவலில் ரவியின் பள்ளி நடக்கும் ஞாற்றுப்புரையையும் பார்க்கலாம். ஆனால் படித்துவிட்டுப் போங்கள். படிக்காமல் போனால் அது ஓர் ஓட்டு வீடு.

ரவி பெண்களிடம் நடந்துகொள்ளும் விதம் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. இதையா மகத்தான நாவல் என்கிறார்கள்?

அருவருப்பு நியாயம்தான். ரவியை மன்னிக்கச் சொல்லி நாவல் நம்மிடம் கேட்கவில்லை. மாற்றாந்தாயுடனான உறவின் குற்ற உணர்வு அவனைத் துரத்துகிறது, எங்கே போனாலும் அதையே திரும்பச் செய்கிறான். ஒரு நோயாளியைப் பார்ப்பதுபோலத்தான் நான் அவனைப் படித்தேன்.

என் குறை வேறு. மொல்லாக்காவின் மகள் மைமூனா அந்த நாவலில் பெரும்பாலும் ஆண்களின் கண் வழியாகவே வருகிறாள். ஊரே அவளைப் பார்க்கிறது. அவள் ஊரை எப்படிப் பார்த்தாள் என்பது எனக்குக் கிடைக்கவில்லை. மொல்லாக்காவின் காலில் ஆறாத புண்ணுக்குக் கொடுத்த பரிவில் பாதியை விஜயன் அவள் மனத்துக்குக் கொடுத்திருக்கலாம். இருந்தும் இந்த நாவலை நான் விடவில்லை. அம்மை ஊரைச் சூறையாடும் பகுதியை எழுதிய கையை எப்படி விடுவது? முதல் பதிலில் சொன்ன அளவுகோல் இடறும் இடம் இது. ரவிக்கு உருப்படியான வேலையே இல்லை, நாவலோ நிற்கிறது.

செம்மீனைப் படித்துக் கோபம் வந்தது. பெண் ஒழுக்கமாக இருந்தால்தான் கடலுக்குப் போனவன் திரும்புவானாம்!

கோபப்படுங்கள். தகழி மீனவர் குடும்பத்தில் பிறந்தவர் இல்லை, அந்த நம்பிக்கையைப் பெரிதாக்கிவிட்டார் என்ற குற்றச்சாட்டும் பழையதுதான்.

ஆனால் கறுத்தம்மா, பரீக்குட்டி காதல்தான் கதை என்று நினைக்க வைத்தது 1965இல் வந்த படமும் அதன் பாட்டுகளும். நாவலை நகர்த்துவது கறுத்தம்மாவின் தந்தை செம்பன்குஞ்சுவின் ஆசை. தோணியும் வலையும் சொந்தமாக வேண்டும். அதற்குப் பரீக்குட்டியிடம் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க மனமில்லை. கடனை ஏமாற்றியவன் மகளுக்கு ஒழுக்கம் சொல்கிறான். கூடை சுமந்து மீன் விற்கும் அவன் மனைவி சக்கியின் பக்கம் நின்று படித்துப் பாருங்கள், வேறு நாவலாக இருக்கும். கள் இறக்கும் ஊர்க்காரர்களுக்கு இதே வகையில் இன்னொன்றும் சொல்வேன்: ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு', 1964. பனையேறிகளின் வாழ்க்கையும் லிஸியின் காதலும் சிறிய புத்தகத்தில். குமரி மாவட்ட வழக்கு இருபது பக்கத்தில் பழகிவிடும், பயப்பட வேண்டாம்.

சர்ச்சை வந்ததால்தானே மாதொருபாகனும் மீசையும் பெரிய நாவல்கள் ஆயின?

அதிகம் விற்றதற்குச் சர்ச்சை ஒரு காரணம். நல்ல நாவலாக இருப்பதற்கு அது காரணம் ஆகாது. 'மாதொருபாகன்' வந்தது 2010இல். நான்கு ஆண்டு அமைதியாகத்தான் இருந்தது. 2014 முடிவில் எதிர்ப்புக் கிளம்பியது. 2015 ஜனவரியில் பெருமாள்முருகன் என்ற எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அவரே அறிவித்தார். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. எஸ். ஹரீஷின் மலையாள நாவல் 'மீசை'க்கு 2018இல் இதே கதி: வார இதழில் வந்துகொண்டிருந்த தொடர் நிறுத்தப்பட்டது, பிறகு புத்தகமானது, தடை கேட்ட மனுவை உச்ச நீதிமன்றம் தள்ளியது. எல்லைக்கு இந்தப் பக்கம் எல்லோரும் முற்போக்கு என்று நெஞ்சு நிமிர்த்துபவர்களுக்காக இதைச் சேர்த்துச் சொல்கிறேன்.

எதிர்ப்பைக் கிளப்பிய பக்கங்கள் எங்கே என்று புரட்டிப் பார்க்கிறவர்கள் மாதொருபாகனை இழந்துவிடுகிறார்கள். காளியின் தொண்டுப்பட்டியும் (மாட்டுத் தொழுவம்) அவன் மாடு கன்றும், பிள்ளை இல்லாதவள் என்று அவன் மனைவி பொன்னாவை ஒவ்வொரு விசேஷத்திலும் குத்தும் ஊரும்தான் நாவல். கொங்குப் பேச்சு நம் வீட்டுப் பேச்சு என்பதால் அந்தக் குத்தல்கள் கூடுதலாக வலிக்கின்றன. 'ஆலவாயன்', 'அர்த்தநாரி' என்று இரண்டு தொடர்ச்சிகள் உண்டு, இரு வேறு வழியில் போகும். எனக்கு ஆலவாயன் போதும்.

ரசவாதி பிடிக்கவில்லை என்றீர்களாமே? உலகமே கொண்டாடுகிற புத்தகம் அது.

கொண்டாடட்டும். பாவ்லோ கொயலோவின் சாந்தியாகோ ஆடு மேய்ப்பவன். புதையல் கனவு வந்ததும் மந்தையைக் கைமாற்றிவிட்டுக் கிளம்பிவிடுகிறான். ஆடு வளர்த்த யாரையாவது கேட்டுப் பாருங்கள், அத்தனை எளிதில் மனம் வருமா என்று. ஆடு ஜீவிதத்தை முடித்த கையோடு இதைப் படித்ததும் என் குற்றமாக இருக்கலாம். பளிங்குப் பாத்திரக் கடையில் அவன் துடைத்து அடுக்கி வியாபாரம் பெருக்கும் பகுதி மட்டும் எனக்குப் பிடித்தது. மீதி முழுக்க அறிவுரை. தேர்வுக்கு முன்னால் படித்துத் தெம்பு வந்தது என்று பிள்ளைகள் சொன்னால் வாயை மூடிக்கொள்வேன்.

ராஜேஷ்குமார் நாவல் படித்தால் கேவலமாகப் பார்க்கிறார்களே, அக்கா?

யார் பார்க்கிறார்கள்? கோயம்புத்தூர்க்காரர், ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல் நாவல் எழுதியவர். பஸ் நிலையக் கடையில் வாங்கி ஊர் வந்து சேர்வதற்குள் முடித்த புத்தகங்களால்தான் இங்கே பாதிப் பேருக்குப் படிக்கும் பழக்கமே வந்தது. இரண்டு கதைகளை மாறி மாறி ஓட்டிக் கடைசியில் முடிச்சுப் போடும் வித்தை லேசானது இல்லை. அவர் கதைகளில் துப்பறியும் விவேக்குக்கு வேலையும் இருக்கிறது! கடைசி அத்தியாயத்தில் குற்றவாளி தானே நின்று எல்லாவற்றையும் விளக்குவதுதான் எனக்கு ஒவ்வாது.

விருது வாங்கிய நாவல்கள் எல்லாம் ஏன் இழுவையாக இருக்கின்றன?

எல்லாம் இல்லை. 2019இல் சாகித்ய அகாதெமி விருது பெற்ற சோ. தர்மனின் 'சூல்' எடுத்துக்கொள்ளுங்கள். கரிசல் கிராமத்தில் ஒரு கண்மாயும் அதைச் சுற்றிய மனிதர்களும். கதை என்று ஒரே நூலைப் பிடித்துக்கொண்டு போகாததால் இழுவை என்கிறீர்கள். பறம்பிக்குளம் ஆழியாறு தண்ணீர் வருமா வராதா என்று ஆண்டுதோறும் வானத்தையும் வாய்க்காலையும் பார்க்கும் நமக்கு, கண்மாய்க்கு மடை திறப்பதும் வண்டல் அள்ளுவதும் கதையாகத் தெரியாவிட்டால் யாருக்குத் தெரியும்? பின்பகுதியில் அரசியல் பேச்சு கூடிவிடுவது உண்மைதான்.

பாதியில் நிறுத்திவிட்டால் பாவமா?

இல்லை. எந்தப் பக்கத்தில், எதனால் நிறுத்தினீர்கள் என்று ஒரு வரி எழுதி வையுங்கள். 'நன்றாக இல்லை' என்பதைவிட அந்த ஒரு வரி அடுத்து எடுப்பவருக்கு உதவும்.

நம் சித்தூர்த் தமிழர்களைப் பற்றி நாவல் இல்லையா?

எல்லைத் தமிழர்கள் நாவலில் இல்லாமல் இல்லை. நீல. பத்மநாபனின் 'பள்ளிகொண்டபுரம்' திருவனந்தபுரத்துத் தமிழ், ஆ. மாதவனின் சாலைக் கடைத்தெருவும் அங்கேதான். தோப்பில் முகமது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' தேங்காய்ப்பட்டணத்தில் நடக்கிறது. பி.எச். டேனியல் எழுதி இரா. முருகவேள் தமிழாக்கிய 'எரியும் பனிக்காடு' வால்பாறைத் தேயிலைத் தோட்டத்துக் கூலிகளைச் சொல்கிறது. நாம் மேற்கே பார்த்தால் தெரியும் கசாக்கைப்போல, தெற்கே மலையில் தெரிகிற கதை அது.

நம் பக்கத்துக் கள்ளுத் தோப்பும், இரண்டு மொழியில் ரேஷன் அட்டை வாசிக்கும் கிழவிகளும், எல்லைச் சோதனைச் சாவடியைத் தாண்டிக் கல்யாணம் கட்டிக்கொண்டு போகும் பெண்களும் நான் படித்த நாவல்களில் இல்லை. எழுதுகிறவர்கள் யாராவது இருந்தால் கையெழுத்துப் பிரதியை வாயனசாலையில் கொடுங்கள். படித்துப் பார்த்து, பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்றே சொல்வேன்.